ஒரு பொன்னாடையும் 'ஒற்றை மேஸ்' குழுவின் முடிவும்

1

சென்ற சனிக்கிழமை எங்கள் தமிழ்ப் பாடசாலை ஆண்டு விழாவுக்கான முதல் கூட்டம் நடந்தது. டென்மார்க்கில் நாங்கள் இருக்கிற இக்காஸ்ட் ஊர் நூலகத்தின் சின்ன அறைக்குள் ஏழு பேர், இரண்டு போத்தல் சோடா, ஒரு பெட்டி பற்றிஸ். நான் செயலாளர். செயலாளர் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மண்டபத்துக்கு விண்ணப்பம் போடுவது, கூட்டக் குறிப்பு எழுதுவது, விழா அன்று வராத பேச்சாளருக்குப் போன் அடிப்பது, இவ்வளவும்தான் என் அதிகாரம்.

நிகழ்ச்சி நிரலுக்கு வந்ததும் தலைவர் குணமண்ணை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் யாருக்கோ வேலை வருகிறது என்று அர்த்தம்.

"செல்வம், போன வருசம் உம்மடை மகளோடை வந்து பாடினவையெல்லே, அந்த ஜேர்மன்காரர். அவையைத் திரும்பக் கூப்பிடுவம். சனம் இப்பவும் அதைத்தான் கதைக்குது."

போன வருடம் முதல் பாட்டிலேயே காதைப் பொத்தியவர் இந்தக் குணமண்ணைதான். நான் 'ஜேர்மன் இசைக்குழு: செயலாளர் விசாரிப்பார்' என்று கொப்பியில் எழுதினேன்.

விசாரிக்க ஒன்றும் இல்லை. அந்தக் குழு பதினொரு மாதம் இருந்தது, பிறகு இல்லாமல் போனது. ஏன் இல்லாமல் போனது என்பது ஐந்து பேருக்குத்தான் தெரியும். மூன்று பேர் அதில் வாசித்தவர்கள். நாலாவது என் மனைவி பவானி. ஐந்தாவது நான். ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்குச் சொல்வதால் ஒன்றும் கெட்டுவிடாது. இக்காஸ்டில் இருக்கிறவர்களுக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

2

முதலில் என் மகள் நிலானியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே பிள்ளை. ஒன்பது வருடம் சனிக்கிழமை தவறாமல் மிருதங்கம் படித்தவள். நான் தமிழில் கேட்பேன், அவள் டெனிஷில் பதில் சொல்வாள். இருபது வருடத்துக்கு மேலாக இப்படித்தான் குடும்பம் நடக்கிறது. கோபம் வந்தால் மட்டும் நான் டெனிஷுக்குப் போவேன். அங்கே என் வினைச்சொற்கள் எல்லாம் பிழையாகும், அவளுக்குச் சிரிப்பு வரும், சண்டை அத்தோடு முடிந்துவிடும்.

படித்து முடித்ததும் அவளுக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் ஃபிளென்ஸ்பூர்க்கில் வேலை கிடைத்தது. அங்கே டெனிஷ் பேசும் ஜேர்மன்காரர் கொஞ்சப் பேர் பரம்பரையாக இருக்கிறார்கள். அவர்களுடைய பாலர் பாடசாலையில் ஆசிரியை. அந்த எல்லையை நான் முதன்முதல் கடந்தது மழைக்குள் நடந்து, மற்றத் திசையில். ஜேர்மனியில் இருக்க விடமாட்டார்கள் என்று பயந்து டென்மார்க்குக்கு ஓடி வந்தவன் நான். என் மகள் மாதச் சம்பளத்தோடு, சைக்கிளையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு சிரித்துச் சிரித்துத் திரும்பிப் போனாள்.

அங்கேதான் மால்ட என்ற பொடியனைச் சந்தித்தாள். டெனிஷ் பள்ளிக்கூடத்தில் படித்த ஜேர்மன்காரன். கிற்றார் வாசிப்பான், தானே பாட்டு எழுதித் தானே பாடுவான். ஒரு சைக்கிள் கடையின் நிலவறையில் இருவரும் குழு தொடங்கினார்கள். அவனுக்குக் கிற்றார், இவளுக்கு ட்ரம்ஸ். குழுவுக்கு ஜேர்மன் மொழியில் நீளமான ஒரு பெயர். தமிழில் சொன்னால் 'ஒற்றை மேஸ்', சோடி இல்லாத காலுறை.

இந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு ஆத்திரம் வந்தது. நான் இருபத்தொரு வருடம் இக்காஸ்டில் மேஸ் பின்னுகிற தொழிற்சாலையில் நின்றவன். காலைச் சிப்ட், மாலைச் சிப்ட் என்று மாறி மாறி. ஒருநாள் யந்திரங்களைக் கழற்றி வேறு நாட்டுக்கு ஏற்றிவிட்டார்கள், எங்களை ஏற்றவில்லை. இப்போது முதியோர் இல்லம் ஒன்றின் சலவை அறையில் வேலை. அங்கேயும் என்னை மேஸ் விட்டபாடில்லை. கழுவிக் காய்ந்ததும் சோடி சேர்ப்பது என் பொறுப்பு. சோடி கிடைக்காத ஒற்றை மேஸ்களுக்கென்று ஒரு கூடை இருக்கிறது. அது ஒருநாளும் வெறுமையானதில்லை. இப்படிப்பட்ட மனிதனின் மகள், போயும் போயும் மேசின் பெயரில் மேடை ஏறுவதா? அந்தப் பொடியன் என்னை நக்கல் அடிக்கிறான் என்றே நினைத்தேன்.

போனில் கேட்டேன்: "ஒன்பது வருசம் மிருதங்கம் படிப்பிச்சது உந்தச் சத்தத்துக்கோ?"

அவள் போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் வீட்டுக்கு வரவில்லை. தாய்க்கு மட்டும் போன் எடுப்பாள். பவானி போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கதைப்பாள், நான் கோப்பை கழுவுகிற சாட்டில் பக்கத்தில் நிற்பேன். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் கோப்பைகள் பளபளவென்று இருந்தன.

3

குழு வளர்ந்தது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், பவானியின் பெயரில் ஒரு கணக்குத் திறந்து அவர்களுடைய இணையப் பக்கத்தை எட்டு மாதம் பின்தொடர்ந்தவன் நான். மாணவர்களின் கபே ஒன்றில் முதல் கச்சேரி. பிறகு துறைமுகத் திருவிழாவில், மீன் பாண் விற்கிற கடைக்கும் குழந்தைகளின் ராட்டினத்துக்கும் நடுவில் ஒரு மேடை. ஏழாவது மாதம் ஹென்னிங் என்று மூன்றாவது ஆள் சேர்ந்தார். பேஸ் கிற்றார் வாசிப்பவர், வயது நாற்பத்தெட்டு, வீடுகளில் வெப்பமூட்டும் குழாய் திருத்துவது தொழில். ஜேர்மன் தவிர வேறு மொழி தெரியாது, அதிலும் அதிகம் பேசுகிற மனிதர் இல்லை. அவர் வந்த பிறகு பாட்டுக்கு ஒரு கனம் வந்தது. உள்ளூர் வானொலி அவர்களுடைய பாட்டு ஒன்றை இரண்டு முறை போட்டது. அதற்குப் பிறகு ஒரு பெரிய குழு, தங்கள் பயணத்தில் ஆறு ஊர்களில் தங்களுக்கு முன்னால் வாசிக்க இவர்களைக் கூப்பிட்டது. கடைசி ஊர் ஹம்பேர்க்.

உண்மையைச் சொல்கிறேன், அந்தச் செய்தியை வாசித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த நிமிடம் பயமாக இருந்தது. இது இன்னும் மேலே போனால் இவள் இனி வீட்டுப்பக்கம் வரமாட்டாள். எனக்குப் பெரிய ஆசைகள் இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் எங்கள் மேசையில் இருந்து சோறு சாப்பிட வேண்டும். சாப்பாடு வரும்வரை வழக்கம்போல மேசை விளிம்பில் விரலால் தாளம் போட வேண்டும். சின்ன வயதில் இருந்தே அவளுக்கு அந்தப் பழக்கம். நிற்பாட்டு என்று நான் சொன்ன தடவைகளுக்குக் கணக்கில்லை.

ஆகவே சமாதானத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆண்டு விழாவுக்கு அவர்களையே கூப்பிடுவது. பவானிதான் சொல்லிப் பார்த்தாள். நிலானி இரண்டு நாள் யோசித்துவிட்டு ஓம் என்றாள்.

4

மண்டபத்துக்குக் கொம்யூனில், அதாவது நகரசபையில், இணையவழி விண்ணப்பம் போட வேண்டும். அதில் 'நிகழ்ச்சியின் வகை' என்று ஒரு கேள்வி. 'ஒலிபெருக்கிய இசை' என்று போட்டால் அயலவருக்கு அறிவித்தல், சத்த அளவுக்கு ஒரு உறுதிமொழி, வெளியேறும் வழிக்கு ஒரு வரைபடம் என்று மூன்று இணைப்புகள் கேட்கும். 'சமய நிகழ்வு' என்று போட்டால் இரண்டு நாளில் அனுமதி வந்துவிடும். நாங்கள் விளக்கேற்றி, தேவாரம் பாடித்தானே விழாவைத் தொடங்குகிறோம். நான் ஒவ்வொரு வருடமும் சமயம் என்றே போடுவேன், அந்த வருடமும் அப்படியே போட்டேன்.

நிகழ்ச்சி நிரலில் 'ஒற்றை மேஸ்' பதினாலாவது. முன்னால் சிறுவர் கோலாட்டம், பின்னால் வில்லுப்பாட்டு, நடுவில் எட்டு நிமிடம். மூவரும் மூன்று மணி நேரம் பொறுமையாக இருந்து பேச்சுப் போட்டி எல்லாம் கேட்டார்கள். ஹென்னிங் ஒவ்வொரு வடையாக ஏழு வடை சாப்பிட்டார்.

பிறகு வாசித்தார்கள். என்னுடைய மகளை நான் அப்படி ஒருநாளும் கண்டதில்லை. தலையைக் குனிந்து, உதட்டைக் கடித்து, மிருதங்க வகுப்பில் படித்த கணக்கை எல்லாம் அந்த ட்ரம்ஸில் இறக்கினாள். இரண்டாவது பாட்டில் எனக்குத் தெரிந்த ஒரு தீர்மானம், மூன்று முறை வாசித்து முடிக்கிற மிருதங்கக் கோர்வை, வந்தது. சபையில் இருந்த மிருதங்க வாத்தியார் தன்னையறியாமல் தொடையில் தட்டினார். பிள்ளைகள் முன்னுக்கு ஓடி வந்து துள்ளினார்கள். முடிந்ததும் வீடியோக்காரத் தம்பி மேடைக்குக் கிட்டப் போய், முதல் பாட்டின்போது தான் பற்றறி மாற்றிக்கொண்டு நின்றதாகவும், அதை மட்டும் இன்னொருமுறை வாசிக்கும்படியும் கேட்டான். அவர்கள் அதைச் சபையின் விருப்பம் என்று எடுத்துக்கொண்டார்கள். மால்டவின் முகம் மலர்ந்தது. திரும்பவும் வாசித்தார்கள்.

இந்த இடத்தில் விழா முடிந்திருந்தால் அந்தக் குழு இன்றைக்கும் இருந்திருக்கும்.

நான் ஹேர்னிங் தமிழ்க் கடையில் மூன்று பொன்னாடை வாங்கி வைத்திருந்தேன். மால்டவுக்கு ஒன்று, ஹென்னிங்குக்கு ஒன்று. நிலானிக்கு இல்லை. சொந்தப் பிள்ளைக்குத் தானே பொன்னாடை போர்த்தினால் பின்வரிசையில் இருந்து சிரிப்பார்கள். மூன்றாவது, திடீரென்று யாரும் பெரியவர்கள் வந்தால் என்று. பெரியவர்கள் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். ஒருவர் விபோர்க்கில் இருந்து முன்னாள் பள்ளிக்கூட அதிபர், மற்றவர் லண்டனில் இருந்து குணமண்ணையின் மச்சான். வந்தவர்களை வெறும் கழுத்தோடு அனுப்புவது எங்கள் ஆட்களிடம் நடக்காத காரியம். இரண்டு பொன்னாடை போய்விட்டது. மேடையில் இரண்டு ஜேர்மன்காரர், என் கையில் ஒன்று.

"அண்ணை, ஒண்டுதான் கிடக்கு," என்று குணமண்ணையின் காதுக்குள் சொன்னேன்.

"வயசுக்கு மூத்தவருக்குப் போடுமன். இதுக்கெல்லாம் என்ன யோசினை."

ஒலிவாங்கியை எடுத்தேன். தமிழிலும் டெனிஷிலும் அறிவித்தேன்: "இந்த இசைக்குழுவின் தலைவர் ஹென்னிங் அவர்களுக்குப் பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கிறோம்."

ஹென்னிங்குக்கு இரண்டு மொழியும் விளங்காது. மால்டவுக்கு டெனிஷ் நன்றாக விளங்கும். ஹென்னிங்கின் தோளில் பொன்னாடையைப் போட்டு, எங்கள் வழக்கப்படி இரண்டு கையையும் எடுக்காமல், கமெராவைப் பார்த்து அப்படியே நின்றேன். வீடியோக்காரத் தம்பி தலையாட்டும்வரை கையை எடுக்கக் கூடாது. அந்த நேரம் முழுவதும் மால்ட என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஹென்னிங் அழுதார். நாற்பத்தெட்டு வயதில் முதன்முதலாக யாரோ தனக்கு ஒன்றைப் போர்த்துகிறார்கள் என்று பிறகு நிலானியிடம் சொன்னாராம்.

எல்லாம் முடிந்து மண்டபம் கூட்டும்போது, கொம்யூனின் மண்டபக் காவலர் கதவடியில் நின்றார். டெனிஷ்காரர், காதில் சத்தம் கேட்காமல் இருக்கப் போடுகிற உறை.

"இது என்ன சமயம்?" என்று கேட்டார்.

"சைவம்," என்றேன்.

அடுத்த வருடமும் தன்னையே வேலைக்குப் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டு போனார்.

5

தங்கள் வான் வண்டியில் திரும்பிப் போகும்போது மால்ட எல்லை வரைக்கும் ஒரு சொல் பேசவில்லையாம். தலைவர் யார் என்று உன் தகப்பனுக்கே நீ சொல்லவில்லையா என்று எல்லையில் வைத்து நிலானியிடம் கேட்டிருக்கிறான். அவள் சிரித்திருக்கிறாள். சிரித்திருக்கக் கூடாது.

மற்றதை ஹென்னிங்கின் வெள்ளை மனது செய்தது. அவருக்கு அந்தப் பொன்னாடையில் அப்படியொரு ஆசை. மூன்று கிழமை கழித்து, ஹம்பேர்க்கில், கடைசிக் கச்சேரிக்குச் சரிகைக் கரையோடு அதைப் போர்த்திக்கொண்டே மேடை ஏறினார். சனம் ஆர்ப்பரித்தது. அடுத்த நாள் ஒரு பத்திரிகை படம் போட்டது. படத்தில் ஹென்னிங் மட்டும். கீழே, 'குழுவின் தலைவர்'.

மால்ட அன்றைக்கே கிற்றாரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டான். இணையப் பக்கம் ஒரு கிழமைக்குள் அழிந்தது. பவானியின் கணக்குக்குப் பின்தொடர ஒன்றும் இல்லாமல் போனது.

பிறகு நிலானி வீட்டுக்கு வரத் தொடங்கினாள். நான் கேட்டபடியே மாதத்தில் ஒரு ஞாயிறு, சில மாதம் இரண்டு. கோழிக்கறியும் சோறும் சாப்பிட்டாள். நான் கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஆனால் கைகள் இரண்டும் மடியிலேயே இருந்தன. ஒரு வருடமாக அந்த மேசை விளிம்பில் ஒரு சத்தம் இல்லை.

பவானி ஒருநாள் கோப்பை துடைத்துக்கொண்டே சொன்னாள்: "இஞ்சேருங்கோ, நீங்கள் நினைச்சது நடந்திட்டுது. இப்ப சந்தோசமோ?"

எனக்குக் கோபம் வந்தது. தமிழிலேயே வந்தது. அதனால் அவள் சிரிக்கவில்லை.

6

கூட்டத்துக்கு அடுத்த நாள் ஞாயிறு. நிலானி வந்திருந்தாள். குணமண்ணை கேட்டதை ஒரு பகிடியாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்து, "உங்கடை ஆக்களைத் திருப்பிக் கூப்பிடட்டாம்," என்றேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்பா, நீங்கள் வேணுமெண்டு செய்தனிங்களோ?"

தமிழில் கேட்டாள். டெனிஷில் கேட்டிருந்தால் நான் எதையாவது சொல்லித் தப்பியிருப்பேன். எட்டு மாதம் அந்தப் பக்கத்தைப் பார்த்தவனுக்கு, குழு யாருடையது, ஹென்னிங் எப்போது சேர்ந்தார் என்பதெல்லாம் தெரியும். 'மூத்தவர்' என்று மட்டும் அறிவித்திருக்கலாம். 'தலைவர்' என்ற சொல் குணமண்ணை தந்தது இல்லை. அது என் வாயில் இருந்துதான் வந்தது.

"போர்த்தேக்கை அப்பிடி நினைக்கேல்லை," என்றேன். "உண்மையா நினைக்கேல்லை. ஆனா குழு உடைஞ்சிட்டுது எண்டு அம்மா சொன்ன நேரம், இனிப் பிள்ளை வீட்டை வருவாள் எண்டு சந்தோசப்பட்டனான். அதை நான் ஒளிக்கேல்லை."

பவானி எழும்பிப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்தாள்.  நிலானி தன்னுடைய டெனிஷ் மொழிக்குத் திரும்பினாள்.

"அந்தப் பெயரை யார் வைத்தது என்று நினைக்கிறாய்?"

"அவன்தானே. மால்ட."

"நான் வைத்தேன்."

தொழிற்சாலையில் கழித்துவிடுகிற ஒற்றை மேஸ்களை நான் முன்பு வீட்டுக்குக் கொண்டுவருவேன். அவள் வலது காலில் ஒரு நிறம், இடது காலில் ஒரு நிறமாகப் பள்ளிக்கூடம் போவாள். வறுமை தெரிந்துவிடும் என்று நான் கூசிப்போயிருந்த அந்தக் காலத்தில், வகுப்புப் பிள்ளைகள் அதை ஒரு நாகரிகம் என்று நினைத்து, தாங்களும் மாற்றி மாற்றிப் போட்டார்களாம். நிலவறையில் பெயர் தேடியபோது அவள் இந்தக் கதையைச் சொன்னாளாம். மால்ட உடனேயே எழுந்து சுவரில் அந்தப் பெயரை எழுதினானாம். இவ்வளவு காலமும் அவன் எனக்குச் செய்த அவமானம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

அன்றைக்கு நான் சோற்றை முடிக்கவில்லை.

7

செவ்வாய்க்கிழமை லீவு எடுத்தேன். ஹேர்னிங் கடையில் நல்ல அகலக் கரை வைத்த பொன்னாடை ஒன்று வாங்கினேன். எல்லையில் ஜேர்மன் பொலிஸ் மறித்தது. பொதி என்ன என்று ஒரு பெண் பொலிஸ் கேட்டாள். ஒரு தலைவருக்குப் போர்த்துகிற துணி என்று எனக்குத் தெரிந்த ஜேர்மனில் சொன்னேன். எந்தத் தலைவர் என்று கேட்டாள். சைக்கிள் கடையில் இருக்கிறார் என்றேன். காரின் பின்பெட்டி முழுவதையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் விட்டாள்.

நிலானி வேலை முடிந்து வந்து கடை வாசலில் நின்றாள். உள்ளே மால்ட கையெல்லாம் எண்ணெய்யோடு ஒரு சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். இப்போது அங்கேயே வேலை. பாட்டை விட்டுவிட்டானாம். என்னைக் கண்டதும் சக்கரத்தை நிறுத்தினான்.

வழி முழுவதும் டெனிஷில் பாடமாக்கி வந்த மன்னிப்பு வாசலிலேயே மறந்துபோனது. "நான் பிழையான ஆளுக்குப் போட்டுவிட்டேன். எனக்குத் தெரியும், நீதான் தலைவர்," என்று மட்டும் சொல்லிப் பொன்னாடையை விரித்தேன்.

அவன் கையைத் துடைத்தான். எங்கள் விழாவில் மூன்று மணி நேரம் இருந்து பார்த்தவன் அல்லவா, சொல்லாமலே கழுத்தைக் குனிந்து தந்தான். போர்த்தினேன். கரையைத் தடவிப் பார்த்தான். குழுவைத் திரும்பத் தொடங்கப்போவதாக எல்லாம் அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் தோளுக்கு மேலால் வாசலைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டான்.

"ட்ரம்ஸ் வாசித்தவளுக்கு யார் போர்த்தினது?"

நான் திரும்பினேன். நிலானி வேலைச் சட்டையோடு, கையில் பாலர் பாடசாலைத் திறப்புக் கொத்தோடு நின்றாள். இந்த முறையும் நான் ஒன்றுதான் வாங்கி வந்திருந்தேன்.

மால்ட தன் தோளில் இருந்ததைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் என் கையில் தந்தான்.

பின்வரிசையில் இருந்து சிரிக்க அங்கே ஒருவரும் இல்லை. இருந்திருந்தாலும் போட்டிருப்பேன் என்று இப்போது நினைக்கிறேன். மகளின் தோளைச் சுற்றிப் போர்த்தினேன். வழக்கப்படி இரண்டு கையும் அவள் தோளிலேயே நின்றுவிட்டது. அவள் அசையாமல் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா, இஞ்சை படம் எடுக்கிறதுக்கு ஆக்கள் இல்லை," என்றாள்.

"தெரியும்," என்றேன். கையை எடுக்கவில்லை.